தனிக் குப்பியில் மூன்று எறும்புகள்

"அம்மா, இதுவும் செத்துடும் போலிருக்கு," என்றார் தணிகாசலம்.

அல்லியம்மாள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை போச்சு?"

"நேத்து ஒண்ணு. இன்னிக்கு விடியக்காலம் ஒண்ணு. ரெண்டையும் இழுத்துட்டுப் போய் மூலையில போட்டிருக்குதுங்க."

"ராணி?"

"நடக்குது. ஆனா தள்ளாடுது."

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் அல்லியம்மாள் எறும்பு வளர்த்தாள். கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். எதைக் கற்றுக்கொண்டு போனார்கள் என்று போனவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வருகிறவருக்கு ஒரு குழாய் கொடுப்பாள். அதில் ஒரு ராணி, இருபது கட்டெறும்பு. குழாயின் வாயில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதில்தான் தீனி வைக்க வேண்டும். எல்லாம் செத்துப்போனால் இன்னொரு குழாய். அதுவும் போனால் இன்னொன்று. மூன்றுக்கு மேல் கிடையாது, ஊருக்குக் கிளம்பலாம்.

தணிகாசலத்துக்கு இது மூன்றாவது குழாய். வயது அறுபத்து மூன்று, ஆசிரியையைவிட இருபது வயது மூத்தவர்.

முப்பத்தோரு வருஷம் ஒரு மாணவர் விடுதியின் சமையல்கட்டைக் கட்டி ஆண்ட மனிதர். எண்ணூறு பேருக்குப் பந்தி நடத்தியவர், இருபது எறும்புக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டத் தெரியாமல் ஊர் திரும்பினால் வெளியில் தலைகாட்ட முடியாது. அதுகூடப் பரவாயில்லை. அந்த ராணியின் மேல் அவருக்குப் பாசம் வந்துவிட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"சர்க்கரைத் தண்ணி எப்படிக் கலக்கினீங்க?"

"ஒரு ஸ்பூன் சர்க்கரை, நாலு ஸ்பூன் கொதிச்சு ஆறின தண்ணி. ஒரு குருணை இல்லாம கரையற வரைக்கும் கலக்கினேன்."

"சரி."

"அதுக்கு முன்னாடி தேன். ஒண்ணுக்கு மூணு தண்ணி."

"அதுவும் சரி."

"சொட்டா விட்டா மூழ்கிடும்னு சொன்னீங்க. பஞ்சுல நனைச்சுத்தான் வைக்கிறேன். புளிக்கிறதுக்கு முன்னாடி மாத்திடறேன்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ப ஏன் சாகுது?"

"அதைத்தானேம்மா நான் உங்களைக் கேக்கறேன்."

அல்லியம்மாள் சிரித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"குழாயைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். அவள் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"இருபதுல ரெண்டு போனா பதினெட்டு. பதினஞ்சுதான் இருக்கு."

"மூணு தனியா இருக்கு," என்றார் தணிகாசலம். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"தனியாவா?"

"பஞ்சு வச்சா ஒண்ணே ஒண்ணுதாம்மா வெளிய வரும். தினம் வரும். வயிறு வெடிக்கிற மாதிரி குடிக்கும். மத்ததெல்லாம் உள்ள பட்டினி. நாலு நாள் பார்த்தேன். அதுக்குக் கொஞ்சம்கூட வெக்கமில்ல."

"அப்புறம்?"

"எடுத்து ஒரு குப்பியில போட்டுட்டேன். மத்ததுக்கும் கெடைக்கட்டுமேன்னு. மறுநாள் இன்னொண்ணு வந்துது. அதே வேலை. அதையும் போட்டேன். மூணாவதா ஒண்ணு."

"அதையும் போட்டீங்க."

"ஆமா."

"அதுக்கப்புறம்?"

"யாரும் வரலை." தணிகாசலம் தரையைப் பார்த்தார். "ஒழுங்கு வந்துட்டுதுன்னு நெனச்சேன்."

விடுதியில் இரண்டாம் தடவை தட்டு நீட்டுகிறவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்த ஆள் அவர். எறும்பிடம் மட்டும் கை சும்மா இருக்குமா?

"எப்படி அடையாளம் கண்டீங்க?"

"வயிறு உப்பியிருக்குமே. அது போதாதா?"

அல்லியம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"குப்பியைக் கொண்டாங்க," என்றாள்.

பழைய இருமல் மருந்துக் குப்பி. வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒன்று அடியில் கிடந்தது. மூன்று எறும்புகளும் வயிறு ஒட்டி, கண்ணாடியில் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தன.

அவள் வேலிக்குப் போய்ச் சங்குப்பூ பறித்துவந்தாள். கொதிக்கும் நீரில் போட்டாள். தண்ணீர் நீலமானது. ஆறிய பிறகு ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு நாலு ஸ்பூன் அளந்து ஊற்றிக் கலக்கினாள்.

"நீலம் எதுக்கும்மா? அதுங்களுக்குப் பிடிக்குமா?"

"அதுங்களுக்கு இல்ல. உங்களுக்கு."

நீலப் பஞ்சைக் குப்பிக்குள் வைத்தாள். மூன்றும் ஓடிவந்து வாய் வைத்தன. நகரவே இல்லை. வயிறு உப்ப உப்ப, கறுப்புப் பட்டைகள் விலகி நடுவில் தோல் நீலமாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னேனில்ல," என்றார் தணிகாசலம்.

அவள் இன்னொரு நீலப் பஞ்சைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். பிறகு குப்பியைப் பெட்டிக்குள் கவிழ்த்து மூன்றையும் இறக்கிவிட்டாள்.

"அம்மா, பசியோட இருக்கறது அந்தப் பதினஞ்சு. தின்னதையே திரும்ப உள்ள விடறீங்களே. நான் வேணா பஞ்சை ராணி பக்கத்துலயே தள்ளிடட்டுமா?"

"நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாடு இருக்கும் இடத்தில் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதல் எறும்பு குழாய்க்குள் நுழைந்தது. மெலிந்த எறும்பு ஒன்று வழியை மறித்தது. மீசையால் அதன் முகத்தில் தட்டியது.

"கடிக்கப் போகுது," என்றார் தணிகாசலம்.

கடிக்கவில்லை. இரண்டும் வாயோடு வாய் வைத்து நின்றன. நின்றுகொண்டே இருந்தன.

அல்லியம்மாள் லென்ஸை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு வாய்க்கும் நடுவில் ஒரு நீல மணி மின்னியது. உள்ளே இருந்த எறும்பு அதைக் குடித்துக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் வேறொன்று வந்து முகத்தில் தட்டியது. அதற்கும் கிடைத்தது. பிறகு இன்னொன்றுக்கு.

மத்தியானச் சோறு ஆறிப்போனது. தணிகாசலம் எழுந்திருக்கவில்லை.

குடித்துவிட்டு வந்த எறும்பின் வயிறு திரும்பவும் ஒட்டிப்போனது. அது வெளியே வந்து பஞ்சுக்குப் போனது. வெட்கமே இல்லாமல் மறுபடியும் வாய் வைத்தது.

இந்தத் தடவை தணிகாசலம் கையை நீட்டவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், வாங்கிக் குடித்த மெலிந்த எறும்பு ராணியிடம் போனது. ராணி வாயைத் திறந்தது.

தணிகாசலம் அழுதுவிட்டார். அறுபத்து மூன்று வயதில், ஓர் எறும்பு சாப்பிடுவதைப் பார்த்து. அல்லியம்மாள் அதைப் பார்க்காதவள் மாதிரி விளக்கைப் போடப் போனாள்.

மறுநாள் காலையில் மூலையில் புதிதாக எதுவும் செத்துக் கிடக்கவில்லை. பெட்டிக்குள் இரண்டு எறும்புகள் பஞ்சில் வாய் வைத்திருந்தன. உள்ளே ராணி முட்டைகளுக்கு மேல் காலை விரித்து நின்றது.

அல்லியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பேராசைக்காரிங்க மூணு பேரையும் காட்டுங்க."

தணிகாசலம் லென்ஸைக் கண்ணில் வைத்தார். குழாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பெட்டியில் இருந்த இரண்டையும் பார்த்தார். பதினெட்டு வயிறும் நீலமாக இருந்தது.

"தெரியலம்மா," என்றார்.

"நல்லாப் பாருங்க."

நல்லாப் பார்த்தார். பிறகு லென்ஸை இறக்காமலேயே ஒரு பெயரைச் சொன்னார்.

"செங்கமலம்."

"யாரது?"

"எங்க விடுதியில பாத்திரம் தேய்ச்சவ. தினம் தூக்குச்சட்டி நெறையச் சோறு எடுத்துட்டுப் போவா. ஒரு பொம்பளைக்கு எதுக்கு அத்தனை சோறுன்னு வேலையை விட்டு நிறுத்திட்டேன். பதினாறு வருஷம் ஆச்சு."

"அவ வீட்டுல எத்தனை பேரு?"

"கேக்கலை."

"அவளாச்சும் சொல்லியிருப்பாளே?"

"சொல்ல வந்தா. நான் நிக்கலை."

வெளியே வேலியில் அணில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"இப்ப எங்க இருக்கா?"

"ஆத்தூர்ல, மக வீட்டுல இருக்கறதாக் கேள்வி." குழாயைப் பார்த்தபடி, "நாளைக்கு இதுங்களுக்குப் பஞ்சு மாத்தணும்," என்றார்.

"நான் மாத்தறேன்."

அல்லியம்மாள் அவர் கையிலிருந்து லென்ஸை வாங்கினாள். முந்தானையில் துடைத்தாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்தூருக்கு ஒம்பதே காலுக்கு ஒரு பஸ் இருக்கு."