இடியன் முன்னால் போன நாள்

கடலோரக் காட்டில் ஒரு குதிரைக் கூட்டம் இருந்தது. இடியன்தான் அதற்கு ராஜா. அவன் பிடரியைச் சிலுப்பிக் கனைத்தால் மரத்துக் கொக்கெல்லாம் பறந்துவிடும்.

கோடையில் காட்டுக் குளம் வற்றிவிடும். சேற்றுவெளியைக் கடந்து அந்தப் பக்கத்து ஊற்றுக்குப் போக வேண்டும். அப்படிப் போகக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. சாம்பி என்ற பெண்குதிரை முன்னால் நடப்பாள். எங்கே தரை கெட்டி, எங்கே புதைசேறு என்பது அவளுக்குத்தான் தெரியும். மற்ற பெண்குதிரைகளும் குட்டிகளும் நடுவில். இடியன் எல்லாருக்கும் கடைசியில். அவன் பின்னங்காலுக்குப் பயந்து எந்த நரியும் கிட்டே வராது.

அந்த வருடம் சாம்பிக்கும் இடியனுக்கும் துள்ளி பிறந்திருந்தது. தள்ளாடித் தள்ளாடி நடக்கும் குட்டி. அதைப் பார்த்து நரிகளுக்கு எச்சில் ஊறியது. ஆனால் இடியன் பின்னால் வரும்போது என்ன செய்ய முடியும்?

கிழநரி ஒன்று நேராக இடியனிடமே போனது.

“ராஜா, இதைச் சொல்லாம இருக்க மனசு கேக்கல.”

“என்ன?”

“ராஜான்னா முன்னால போகணும். நீங்க கடைசியில புழுதியைத் தின்னுக்கிட்டு வர்றீங்க. காடே சிரிக்குது.”

“காவலுக்குத்தானே பின்னால வர்றேன்.”

“அப்போ நீங்க காவல்காரரா? நான் ராஜான்னுல்ல நினைச்சுட்டேன்!”

அவ்வளவுதான். இடியனுக்குச் சுருக்கென்றது. அவ்வளவு பெரிய உடம்பில் அந்தச் சின்னச் சொல் எங்கே போய்த் தைத்ததோ!

மறுநாள் காலையில் சாம்பியை இடித்துக்கொண்டு அவன் முன்னால் போனான்.

“பின்னால யாரு வருவாங்க?” என்று கேட்டாள் சாம்பி.

“யாராவது வரட்டும். இனிமே முன்னால நான்தான்.”

“உங்களுக்கு வழி தெரியாதே.”

“நான் போறதுதான் வழி!”

போனான். நாலுகால் பாய்ச்சலில் போனான். கூட்டம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடியது. துள்ளி பின்தங்கிவிட்டது. சேற்றுவெளி நடுவில் பொதக்கென்று ஒரு சத்தம்! ராஜா வயிறுவரை புதைந்து நின்றான்.

இதற்காகத்தான் நரிகள் புதருக்குள் காத்திருந்தன. பாய்ந்து வந்து துள்ளியின் காலைக் கவ்வி இழுத்தன. “அம்மா!” என்று அது அலறியது. இடியன் திமிறினான். திமிறத் திமிற இன்னும் புதைந்தான். பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே நரி இழுக்கிறது, அப்பனால் அசைய முடியவில்லை. இதைவிடக் கொடுமை உண்டா?

“வளைச்சு நில்லுங்க! தலை உள்ளே, கால் வெளியே!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்த சாம்பி, விட்டாள் ஒரு உதை. காலைக் கவ்விய நரி பல் உடைந்து போய் விழுந்தது. பெண்குதிரைகள் குட்டிகளை நடுவில் விட்டு வட்டமாக நின்றன. வெளிப்பக்கம் படபடவென்று உதை விழுந்தது. விலாவில் வாங்கிய நரியும் தாடையில் வாங்கிய நரியும் ஊளையிட்டபடி ஓடின. யோசனை சொன்ன கிழநரி எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது.

பிறகு சாம்பி கெட்டித் தரையில் நின்று சொன்னாள்: “திமிறாதீங்க. பக்கவாட்டுல சாஞ்சு படுங்க. மெல்ல உருளுங்க.”

ராஜா உருண்டு உருண்டு கரையேறினான். தலை முதல் வால் வரை ஒரே சேறு. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. துள்ளியின் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

“நாளைக்கும் நீங்கதான் முன்னாலயா?” என்று கேட்டாள் சாம்பி.

இடியன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

மறுநாள் துள்ளி நொண்டி நொண்டி நடந்தது. அதற்குப் பின்னால், அது நின்றபோதெல்லாம் தானும் நின்று, மெல்ல மெல்ல வந்தான் இடியன்.

நம்மை நம்பி ஒப்படைத்த இடத்தை வெறும் பெருமைக்காக விட்டுப் போனால், அடிபடுவது நம்மை நம்பியவர்கள்தான்.