கெண்டைச்சியின் தேயாத வால்

ஒரு காட்டுக் குளத்தின் உட்கரைக்கு மண் பூசுவது நீர்நாய்களின் வேலை. பூசாவிட்டால் தண்ணீர் கசியும். கரைக்குள் இருக்கும் பொந்துகளில் குட்டிகள் நனையும்.

வால்தான் அவற்றுக்குக் கொத்தனார் பூசும் கரணை. பூசப் பூச வால் தேயும். கட்டையாகிவிட்டால் அந்த நீர்நாய் போய்ப் பாறையில் உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு இளையவள் ஒருத்தி வருவாள். பூசிக்கொண்டே போகும்போது பக்கத்தில் பூசுகிறவளின் தோள் உரசினால் நிற்க வேண்டும். பொந்து வாசல் வந்தாலும் நிற்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அது உடம்பிலேயே இருந்தது.

கெண்டைச்சி என்ற நீர்நாய் பூசினால் கரை கண்ணாடிபோல் இருக்கும். அது அவளுக்கும் தெரியும், அதுதான் தொல்லை. வால் விரல்நீளம் ஆனதும் அவளுக்குப் பாறையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

வேலையை விட மனசில்லாதவர்களுக்கு மருந்து சொல்ல எங்கிருந்தாவது ஒருவர் வந்துவிடுவார். இங்கே வந்தது ஓர் உடும்பு.

"வேங்கைப் பிசினைத் தின்னு. வால் வளரும்."

"வால் மட்டும்தானே?"

"பின்னே கொம்புமா முளைக்கும்?"

தின்றாள். வால் வளர்ந்தது. பூசினாள், தேய்ந்தது, மறுபடி வளர்ந்தது. நீர்நாய்கள் கூடி நின்று வாலைப் பார்த்து மெச்சின. வாலைத்தான் பார்த்தன. மற்றதை யார் பார்த்தார்கள்?

அவளுடைய நாத்தனார் விராலி வால் தேய்ந்து பாறைக்குப் போனாள். விராலிக்குப் பின் வந்தவளும் போனாள். கெண்டைச்சி மட்டும் பூசிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் விராலி தன் பொந்துக்குப் போனாள். வாசலைக் காணோம்.

"மதினி, என் வாசலைப் பூசிட்டீங்களே?"

"ஓட்டையா இருந்துது, பூசினேன். நன்றி சொல்லக்கூடத் தெரியாதாட்டி உனக்கு?"

"அது ஓட்டையில்லை, மதினி. வீடு. முன்னெல்லாம் வாசல் வந்தா உங்க வால் தானா நிக்குமே?"

"எதுக்கு நிக்கணும்?"

விராலி வாசலைத் தோண்டிக்கொண்டாள். பக்கத்தில் பூசுகிறவர்களும் முணுமுணுத்தார்கள்; தோள் உரசினாலும் கெண்டைச்சி நிற்பதில்லை, இடித்துத் தள்ளிவிட்டு மேலே போகிறாள் என்று. பிசின் வாலை நீட்டியதோடு விடவில்லை. உடம்புக்குள் இருந்த 'நில்' என்ற சொல்லை அமுக்கிவிட்டு, 'இன்னும், இன்னும்' என்பதைத் தட்டி எழுப்பியிருந்தது.

அந்த வருஷம் அவளுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. பொந்தில் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் பால் கொடுக்கத் திரும்பினால் அவள் பூசிய பக்கம் முழுக்க ஒரே வழவழப்பு. ஒரு வாசல்கூட இல்லை.

"விராலி, என் பொந்து எங்கேட்டி?"

"நீங்கதானே பூசினீங்க?"

"எந்த இடம்னு தெரியலையே. உள்ளே காத்துப் போகாதே!"

கெண்டைச்சி பதறித் தோண்டினாள். முன்கால்கள் தோண்டின, பின்னாலேயே வால் வந்து பூசி மூடியது. மறுபடி தோண்டினாள். மறுபடி மூடியது. அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். வால் கேட்கவில்லை.

"என்னைத் தள்ளி உக்கார வைங்க," என்றாள் கடைசியில். "வாலைப் பிடிச்சுக்கோங்க. நான் இருந்தா அதுங்க பிழைக்காது."

இரண்டு பேர் அவள் வாலின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பாறையில் இருந்த கட்டைவால்கள் எல்லாம் இறங்கி வந்தன. விராலி கரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நகர்ந்தாள். ஓரிடத்தில் நின்றாள். எல்லாருமாகத் தோண்டினார்கள். முதலில் ஒரு மூக்கு வெளியே வந்து தும்மியது. பிறகு இன்னொன்று.

குட்டிகள் தாயிடம் ஓடின. கெண்டைச்சி அவற்றை நக்கினாள். வாலின்மேல் இருந்தவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

"எந்திரிக்காதீங்க," என்றாள்.

ஓர் இடத்துக்கென்று தின்ற மருந்து உடம்பில் அந்த ஓர் இடத்தோடு நிற்காது. நிற்கத் தெரியாத கை, எவ்வளவு கெட்டிக்காரக் கையானாலும், சொந்த வாசலையே பூசிவிடும்.