ஒரே தொட்டித் தண்ணீர்

மலையூர் கிளப்பில் வருஷா வருஷம் வேடிக்கைக்கு நாய்ப் போட்டி நடக்கும். அங்கே கூட்டிப் பெருக்கும் குருவம்மா இந்தத் தடவை தன் நாயோடு வந்து நின்றாள். ஒற்றைக் காது, கட்டைக் கால், பெஞ்சு மாதிரி நீண்ட உடம்பு. கூட்டம் சிரித்தது.

கிளப் தலைவர் ராஜரத்தினம் பதிவுப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். “இது என்ன ஜாதி? ஜாதி நாய்க்குத்தான் இங்கே இடம்.”

அதற்குள் நாய் நழுவிப்போய், தலைவரின் அல்சேஷனோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியலைங்க ஐயா. உங்க நாயும் கேக்கலை போலிருக்கு” என்றாள் குருவம்மா.

கூட்டம் இப்போது தலைவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் ஜாதி என்ற கட்டத்தை அடித்துவிட்டு, நாயின் பேரை எழுதிக்கொண்டார்.

குருவம்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள். வெளியே ஜன்னல் திட்டில் அவளுக்கென்று தனியாக ஓர் அலுமினிய டம்ளர் இருந்தது.

“கையோட கையா என் டம்ளரையும் உள்ளே எடுத்து வெச்சிரட்டுங்களா ஐயா?”