அவிழ்ந்துகொண்டே இருந்த தலைப்பாகை

முன்னொரு காலத்தில், மழையும் நெல்லும் தவறாத தேனூர் நாட்டைக் கொடிமாறன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். குணத்தில் தங்கம்தான். புத்தி மட்டும் ஓரிடத்தில் நிற்காது.

அவனைப் பெற்ற பெரிய ராணி நோயில் விழுந்தாள். "உன் அப்பா கண்மூடிய அறையில்தான் நானும் கண்மூட வேண்டும்" என்பது அவள் கேட்ட ஒரே வரம். அந்தப் பழைய மாளிகையோ மழைக்கு ஒழுகிப் பாழாகிக் கிடந்தது. புதுப்பிக்கும் பொறுப்பு அரண்மனைப் பெருந்தச்சர் ஆவுடையாரிடம் வந்தது. மழைக்காலம் போய், கோடை போய், அடுத்த மழையும் நெருங்கிவிட்டது. கூரை ஏறவில்லை. விருந்தினர் விடுதியில் படுத்திருந்த பெரிய ராணி, "ஆயிற்றா?" என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அவையில் மேகநாதர் என்றொரு பிரபு. தன் மைத்துனனைப் பெருந்தச்சராக்க வேண்டுமென்று அவருக்குத் தீராத ஆசை. "தாயாரின் கடைசி ஆசையோடு விளையாடுகிறான் இந்தத் தச்சன்!" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

"நாளை அவையில் அவன் தலைக்குத் தீர்ப்பு!" என்றான் அரசன்.

அமைச்சர் அறவாழியாருக்கு இது அநியாயம் என்று பட்டது. தாமதம் யாரால் என்று அவருக்குத் தெரியும். நிறுத்திய தூணைப் பார்த்து, "உருண்டை வேண்டாம், பட்டை பிடித்த தூண் வை" என்பான் அரசன். வாசல் வைத்தால் இடித்துக் கிழக்கே மாற்று என்பான். ஒவ்வொரு முறையும் காதில் ஓதியவர் மேகநாதர். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது?

தலைப்பாகை கட்டாமல் தேனூர் அரசன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதையும் அவையோர் முன்னால்தான் கட்ட வேண்டும். மறுநாள் அந்தப் பணியை அறவாழியார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கட்டி முடியும் நேரம், "மடிப்பு அகலமாக இருந்தால் கம்பீரம்" என்று அவிழ்த்தார். மறுபடி கட்டினார். "முடிச்சு இடப்புறம் வரட்டும்" என்று அவிழ்த்தார். "சிவப்பைவிட மஞ்சள் எடுப்பு" என்று வேறு துணி கேட்டார். ஆவுடையார் தீர்ப்புக்காகக் காத்து நின்றார். அரசன் வெறுந்தலையோடு நெளிந்தான்.

"அமைச்சரே! கட்டக் கட்ட அவிழ்த்தால் எப்போது ஐயா முடியும்?"

அறவாழியார் துணியைக் கீழே வைத்தார். "மன்னவா, ஆவுடையார் மனசுக்குள் கேட்பதும் இதே கேள்விதான். வாய்விட்டுக் கேட்க அவருக்கு இருப்பது ஒரு தலைதானே?"

"என்ன திமிர்!" என்று மேகநாதர் எழுந்தார்.

அரசன் அவரைக் கூர்ந்து பார்த்தான். "தூணை மாற்றும்படி என்னிடம் சொன்னது யார், மேகநாதரே?"

"அடியேன்... அழகுக்காக..."

"வாசலை?"

"அதுவும்... அடியேன்தான்."

"ஓதியவர் நீர். ஆடியவன் நான்." அரசன் எழுந்தான். வெறுந்தலையோடு இறங்கிவந்து ஆவுடையாரின் கைகளைப் பிடித்தான். "கூரை ஏற என்ன வேண்டும், ஐயா?"

"மாறாத ஒரு சொல், மன்னவா."

அறவாழியாருக்கு முத்துமாலை கிடைத்தது. மேகநாதருக்கு, வேலை முடியும்வரை மண்கூடை.

மழைக்கு முன் கூரை ஏறியது. பெரிய ராணியைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். அண்ணாந்து பார்த்த அரசன், "இந்த உத்தரம் கொஞ்சம்..." என்று இழுத்தான். அறவாழியாரின் கை மெல்ல அவன் தலைப்பாகைப் பக்கம் போனது. அரசன் வாயை மூடிக்கொண்டான்.

"ஆயிற்றா, கண்ணா?" என்று சுவரைத் தடவியபடி கேட்டாள் தாய்.

"ஆயிற்று, அம்மா."

அவள் கண்மூடிய நாளில் ஊரெல்லாம் அடைமழை. அந்த அறைக்குள் ஒரு சொட்டு விழவில்லை.