லாக்கில் தொங்கிய கல்யாணப் படகு

அயிரை மீனை உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக்கொண்டிருக்கிறேன். கைக்குத்தான் வேலை. பாப்பாவை உள்ளே மாமியார் பார்த்துக்கொள்கிறார். வாய் சும்மா இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஆற்றின் அணையை ஒட்டி இருக்கிறது. அணையின் ஓரத்தில் நீளமாக ஒரு தொட்டி. அதற்கு மேலாற்றுப் பக்கம் ஒரு கதவு, கீழாற்றுப் பக்கம் ஒரு கதவு. மேலாற்றிலிருந்து படகு உள்ளே வந்ததும் மேல்கதவைச் சாத்துவார்கள். அடியில் இருக்கிற மதகைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் எட்டடி வடியும். படகும் கூடவே இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்தால் படகு தன் வழியே போகும். லாக்கு என்போம்.

அதைப் பார்த்துக்கொள்கிறவர் என் நாத்தனார் செண்பகவல்லி. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் வைரப்பன். அண்ணியைவிடப் பத்து வயது மூத்தவர், முப்பது வருஷம் ஓடம் ஓட்டியவர். வைரப்பன் முடிச்சுப் போட்டால் வெள்ளத்தாலும் அவிழ்க்க முடியாது என்பார்கள். அண்ணியை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிடுவார். அதில் பாதி கிண்டல், பாதி மரியாதை.

கீழே கட்டியிருக்கிற புது லாக்குக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த லாக்கின் மதகுச் சக்கரத்தைச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடியை அண்ணி எடுத்துக் கையில் கொடுத்தால், அந்த வேலை வைரப்பனுக்கு. மூன்று மாதமாகக் காத்திருந்தார்.

அன்று காலையில் கேட்டார்.

"வாத்தியாரம்மா, ஆறு அது பாட்டுக்குப் போகுது. அதை மறிச்சு, மறிச்ச இடத்துல படகு போக ஒரு தொட்டி கட்டி, ரெண்டு கதவும் போட்டு... எதுக்கு இவ்வளவு பாடு?"

"அணை கட்டுறதுக்கு முன்னாடி, பங்குனி மாசத்துல எப்படி அண்ணே ஓடம் ஓட்டுனீங்க?"

"எங்க ஓட்டுனேன்? மணல்ல இறங்கித் தள்ளுனேன்."

"இப்போ?"

வைரப்பன் மேலாற்றைப் பார்த்தார். கரை தொட்டு நிறைந்திருந்தது.

"இப்போ இடுப்புவலி இல்ல" என்று சிரித்தார்.

அப்போதுதான் கல்யாணப் படகு வந்தது. இருபத்திரண்டு பேர். அண்டா, குத்துவிளக்கு, ஒரு கூடை சாத்துக்குடி, நடுவில் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. தாய்மாமன் முன்னால் நின்று கத்தினார்.

"ஒன்பதுக்கு முகூர்த்தம்ப்பா! சீக்கிரம் இறக்கி விடு. உன் தண்ணி வடியறதுக்குள்ள மாப்பிள்ளைக்குத் தாடி முளைச்சிடும்."

"முளைக்கட்டும் மாமா. அடையாளம் தெரியாம பொண்ணு ஓடாம இருந்தா சரி" என்றார் வைரப்பன்.

படகே சிரித்தது. படகுக்காரன் முன்பக்கத்துக் கயிற்றைச் சுவர்மேல் வீசினான். வழக்கமாகக் கயிற்றைப் படகுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். வைரப்பனுக்கு இங்கே சக்கர வேலை மட்டும்தான். அன்று கையில் கயிறு விழுந்ததும் பழைய கை சும்மா இருக்குமா? இரும்புத் தூணில் இழுத்துச் சுற்றித் தன் முடிச்சைப் போட்டார்.

அண்ணி மேல்கதவைச் சாத்திவிட்டு அங்கிருந்தே "ம், திறங்க" என்றார்.

வைரப்பன் சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் ஓர் அடி இறங்கியது. இரண்டடி இறங்கியது. படகின் முன்பக்கம் மட்டும் நின்றுவிட்டது. பின்பக்கம் இறங்கிக்கொண்டே போனது. அண்டா உருண்டது. சாத்துக்குடி எல்லாம் பின்னால் ஓடியது. பெண்கள் அலறினார்கள். பின்விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

வைரப்பன் தூணுக்கு ஓடினார். படகின் கனமெல்லாம் முடிச்சில் தொங்கியது. நகம் கூட உள்ளே நுழையவில்லை. மூலையில் கிடந்த அரிவாளை எடுத்து ஓங்கினார்.

"வெட்டாதீங்க!" என்று அண்ணி கத்தினார்.

"ஆளுங்க முழுகிடுவாங்க!"

"வெட்டுனா முன்பக்கம் ஒரேயடியா விழும். அப்பத்தான் முழுகுவாங்க. மதகை மூடுங்க."

மூடினார். தண்ணீர் இறங்குவது நின்றது. அண்ணி மேலாற்றுத் தண்ணீரை உள்ளே விடுகிற மேல்மதகைக் கொஞ்சமாகத் திறந்தார். தொட்டிக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது.

"ஏம்மா, மறுபடியும் மேலே ஏத்துறியா? நாங்க கீழே போகணும்!" என்று தாய்மாமன் கத்தினார்.

"போவீங்க. எல்லாரும் அசையாம உக்காருங்க."

தண்ணீர் ஏறியது. படகு நிமிர்ந்தது. கயிறு தொய்ந்தது. வைரப்பன் விரலை வைத்ததும் முடிச்சு பிரிந்தது.

அண்ணி வந்து அதே கயிற்றைத் தூணில் ஒரு சுற்று மட்டும் போட்டு, நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டார். வைரப்பன் மதகைத் திறந்தார். படகு இறங்க இறங்க, சாண் சாணாகக் கயிற்றை விட்டார் அண்ணி. கீழ்க்கதவு திறந்தது.

போகும்போது தாய்மாமன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"முகூர்த்தம் பத்தரை வரைக்கும் இருக்கு தாயி. அவசரத்துக்குச் சும்மா சொன்னேன்."

படகு வளைவில் மறைந்த பிறகும் வைரப்பன் தூணருகே உட்கார்ந்தே இருந்தார்.

"எனக்கு அந்த வேலை வேணாம் வாத்தியாரம்மா. இருபத்திரண்டு உசிரு."

"கயித்தை வந்து பார்க்காம திறங்கன்னு சொன்னது நான். பாதித் தப்பை இங்க வைங்க."

"முப்பது வருஷம். என் முடிச்சு ஒருநாளும் அவிழ்ந்ததில்ல. அதுதான் படகுக்குக் காவல்னு நினைச்சேன்."

"ஓடத்துறையில அதுதான் காவல்."

"இங்க? இறுக்கினா தொங்குது. விட்டா கதவுல போய் இடிக்கும். எப்படித்தான் பிடிக்கிறது?"

அண்ணி உள்ளே போய் இரும்புக் கைப்பிடியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார்.

"கயிறு கைக்குள்ள நகர்ந்துக்கிட்டே இருக்கணும் அண்ணே. எப்போ நகரலையோ, அப்போ மதகை மூடுங்க."

அடுத்ததாகச் செங்கல் படகு ஒன்று உள்ளே வந்தது. வைரப்பன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, படகுக்காரன் வீசிய கயிற்றைத் தூணில் ஒரே ஒரு சுற்றுப் போட்டு... இதோ வர்றேன் அத்தை, பாப்பாவைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கோங்க... அவர் கையிலிருந்து கயிறு மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது.