சந்தைக்கடியில புதைச்ச ஏடு

ஒரு ஊர்ல ஒரு ஏட்டு மண்டபம் இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டவ பேரு அஞ்சுகம். கண்ணை மூடிக்கிட்டுக் கேளு.

"ம்."

ஏடுன்னா பனையோலை. அந்த ஊர்ல எந்த ஏரியை யார் வெட்டுனாங்க, எந்தக் காய்ச்சலுக்கு எந்த வேரு, நாத்து நடுறப்போ என்ன பாட்டு, எல்லாம் அந்த ஓலையிலதான் இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல.

அப்போ அந்த ஊர் மேல ஒரு பட்டாளம் படையெடுத்து வருதுன்னு சேதி வந்துச்சு. ஏடு இருந்தா 'இது எங்க ஊரு'ன்னு பேசுவாங்க, அதனால முதல்ல ஏட்டைக் கொளுத்துன்னு சொல்றவன் அதோட தளபதி.

"கெட்டவனா சித்தி?"

கெட்டவன்தான். அதுல என்ன சந்தேகம்?

ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்த மத்தியானத்துல, அஞ்சுகமும் அவ அண்ணன் மருதப்பனும் தெருக்காரங்க கொஞ்சப் பேரும் ஏட்டையெல்லாம் தாழியில அடுக்கி, வாயை மெழுகு வெச்சு அடைச்சு, சந்தை நடுவுல குழி தோண்டிப் புதைச்சாங்க. ணங் ணங்குன்னு கடப்பாரை. "சந்தையிலயா?"ன்னான் மருதப்பன். "ஆயிரம் பேரு மிதிக்கிற இடத்துல எவன் தேடுவான்? வாயை மூடிக்கிட்டுத் தோண்டு"ன்னா அவ.

அப்புறம் பட்டாளம் வந்துச்சு. மண்டபத்துல தீ வெச்சாங்க. சடசடசடன்னு எரிஞ்சுது. தளபதி சாம்பலைக் கிளறிப் பாத்தான். தூணும் உத்தரமும் எரிஞ்ச சாம்பல்தான், ஓலைச் சாம்பலே இல்ல. ஏடு வேற எங்கயோ இருக்குன்னு அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. ஊரை விட்டுப் போகாம அங்கயே கூடாரம் போட்டுட்டான். தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்புறம் மழை. சோன்னு கொட்டி ஆறு உடைச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்துருச்சு. வீடு போச்சு, மாடு போச்சு, மருதப்பன் பெண்டாட்டியும் போயிட்டா. தண்ணி வடிஞ்சதும் பாத்தா, புதைச்ச இடத்துல மண்ணு அமுங்கிக் குழியாத் தெரியுது. மருதப்பன் அழுதுகிட்டே மண்ணு சுமந்து நிரப்பிச் சமமாக்கினான். மெழுகு தாங்குச்சு. தாழிக்குள்ள ஒரு சொட்டு போகல.

அப்போ மூணாவதா ஒண்ணு வந்துச்சு பாரு, அது தீயுமில்ல, தண்ணியுமில்ல. காலு.

"காலா?"

உன் காலு புத்தகத்து மேல பட்டா என்ன பண்ணுவ?

"தொட்டுக் கண்ணுல ஒத்திப்பேன்."

அதேதான். திரும்பச் சந்தை கூடுனப்போ, புதைச்சவங்க யாருக்கும் அந்த இடத்துல கால் வைக்க மனசு வரல. வர்றதும் ஒதுங்குறதுமா, கூட்டத்துக்கு நடுவுல அந்த இடம் மட்டும் வெறுமையாக் கெடக்கு. அஞ்சுகம் அண்ணன் காதுகிட்ட போனா.

"ஏண்ணே சுத்திப் போற? மிதி!"ன்னா.

"சரஸ்வதிம்மா..."ன்னு இழுத்தான் மருதப்பன்.

"சரஸ்வதியைக் காப்பாத்தணும்னா சரஸ்வதியை மிதி!"

அவளே முதல்ல ஏறி மிதிச்சா. அவனை அங்க நின்னு சுண்டல் திங்க வெச்சா. ஒருத்தி ஒதுங்கப் பாத்தா, அவளைத் திட்டித் திட்டியே நடக்க வெச்சா. ஆனா அதுக்கு முன்னாடியே, சில பேரு எதையோ ஒதுங்கிப் போறதைத் தளபதி தூரத்துல இருந்து பாத்துட்டான், எந்த இடம்னுதான் அவனுக்குச் சரியாத் தெரியல.

மறுநாள் டம டமன்னு பறை. "ஒவ்வொருத்தரா இந்தச் சந்தையைக் குறுக்க நடங்க"ன்னான். எல்லாரும் நடந்தாங்க. பழகின காலு, தடுமாறவே இல்ல. மருதப்பன் வெத்தலையைக் குதப்பிக்கிட்டே நடந்தான். கடைசியா அஞ்சுகம். தொம் தொம்னு மிதிச்சுக்கிட்டுப் போனா. தாண்டிட்டா. தாண்டுன நிமிஷம், அவளுக்கே தெரியாம, குனிஞ்சு மண்ணைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

"ஐயோ!"

காலைப் பழக்குனாளே, கையைப் பழக்கலையே.

"தோண்டு"ன்னான் தளபதி. தாழியெல்லாம் வெளிய வந்துச்சு. டமார் டமார்னு உடைச்சாங்க. தீயும் தண்ணியும் தொடாத ஓலை, புதுசு மாதிரி இருந்துச்சாம். அத்தனையும் கொளுத்தினாங்க. "உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். நின்னு பாரு"ன்னு அவளைப் பக்கத்துலயே நிக்க வெச்சான்.

"அவளாலதானே போச்சு?"

ஊர்லயும் அப்படித்தான் பேசுனாங்க. எனக்கு ஆத்திரமா வருது. கொளுத்துனது அவன். தொட்டுக் கும்பிட்டது இவ. தப்பு யாருது? நீயே சொல்லு.

"... அவனுது."

ம். அப்புறம் பட்டாளம் போயிருச்சு. அஞ்சுகம் சாம்பல் பக்கத்துலயே உக்காந்து, அவளுக்கு ஞாபகமிருந்த ஏரிப் பாட்டைச் சொன்னா. விட்டுப்போன வரியை ஒரு கிழவர் சொன்னாரு, இன்னொண்ணை மீன்காரி சொன்னா. ஒரு இடத்துல ஏரிக்கு மண்ணு சுமந்தவங்க பேரு வரும். அது யாருக்கும் தெரியல.

மருதப்பன் சொன்னான், "நம்ம தாத்தா பேரைப் போட்டுரு."

"அவர் சுமந்தாரா?"

"சுமந்திருப்பாரு."

"'சுமந்திருப்பாரு'ங்கிறதுக்கெல்லாம் பாட்டுல இடமில்லண்ணே. நாமளே பொய் சேத்தா, அவன் எரிச்சது எப்படித் தெரியும்? அந்த இடம் வந்தா வாயை மூடிக்கணும். ஏன்னு கேட்டா, எரிச்சுட்டாங்கன்னு சொல்லணும்."

இன்னைக்கும் அப்படித்தான் பாடுறாங்க. கேளு.

கல்லு பொறுக்கிக் கரை போட்டோம்
கண்ணீர் குழைச்சுக் கரை போட்டோம்
மண்ணு சுமந்தவங்க பேரு சொல்றேன்...

"... அப்புறம்? என்ன பேரு சித்தி?"

எரிச்சுட்டாங்க.

"சும்மா ஒரு பேரு சொல்லேன்."

மாட்டேன். கதை கட்டையைச் சாச்சிருச்சு, நீயும் சாயி. தூங்கு.