களவாவின் கண்ணுக்குக் கீழே

கடலுக்குள் பார்கள் எனப்படும் இரண்டு பவளப் பாறைத் திட்டுகள் இருந்தன. ஒன்று தென்பார், மற்றொன்று வடபார். இரண்டையும் சுற்றிச் சிவப்பு மிதவைகள் ஆடின. மிதவைக்கு உள்ளே யாரும் வலை போடக்கூடாது. நடுவில் கிடந்த நீண்ட கடலிலோ வலைகள் ஓயாமல் விழுந்தன. அதனால் ஒரு பாரின் மீன்கள் மறுபாரைக் கண்டதே இல்லை. காணாத இடத்தின்மேல் சந்தேகம் வருவது சுலபம்.

தென்பாரின் தலைவர் ஒரு கிழட்டுக் களவா மீன். அவருக்கு ஓர் உறுத்தல். ஆண்டுதோறும் மீன்கள் பாரின் விளிம்புக்குப் போய், கடல்நீர் வடியும் நேரத்தில் முட்டை விடும். பொரிந்த குஞ்சுகள் கண்ணாடித் துகள்போல நீரோட்டத்தில் போய்விடும். காற்றும் நீரோட்டமும் திசை திரும்பியதும் வேறு குஞ்சுகள் வந்து குடியேறும். யார் பெற்றவை என்று யாருக்கும் தெரியாது.

"போனவை எங்கே? வந்தவை யார்?" என்று களவா முணுமுணுத்தார்.

பொந்திலிருந்து நண்டு கண்ணை மட்டும் நீட்டியது. "அண்ணாச்சி, நான் சொன்னதாக வெளியே சொல்லாதீர்கள். வடபாரில் குஞ்சுகள் கொழித்துக் கிடக்கின்றனவாம்! எல்லாம் நம் பிள்ளைகள். திருட்டு!"

"அப்படியானால் இங்கே வருகிறவை?"

"ஒற்றர்கள்!"

களவா ஊரைக் கூட்டினார். "இனி விளிம்பில் யாரும் முட்டை விடக்கூடாது. உள்குட்டையில்தான்! வெளியிலிருந்து வரும் குஞ்சுகளைச் சீலா மீன்கள் காவலுக்கு நின்று விழுங்கிவிடட்டும்!"

"ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒரு சீலா கேட்டது.

"வடபார்க் களவாக்களுக்கு இடது கண்ணுக்குக் கீழே வெள்ளைப் புள்ளி இருக்குமாம்" என்றது நண்டு. சொல்லிவிட்டுத் தலைவரின் முகத்தைப் பார்த்தது. சட்டென்று பொந்துக்குள் போய்விட்டது.

"நல்லது! புள்ளி உள்ளவன் அந்நியன்!" என்று களவா முழங்கினார்.

மீன்கள் எல்லாம் அவரைப் பார்த்தன. பிறகு மணலைப் பார்த்தன.

அந்த ஆண்டு எல்லோரையும்போல் கிளிமீன் ஒருத்தியும் உள்குட்டையில் முட்டை விட்டாள். ஓடாத நீரில் கூழ் உடம்புச் சொறிமீன்கள் குடையை விரித்துக் காத்திருந்தன. இரண்டே நாளில் குட்டை துடைத்துவிட்டதுபோல் ஆனது. காற்று திரும்பியபோது வந்த குஞ்சுகளைச் சீலாக்கள் தின்று தீர்த்தன. தென்பாரில் ஒரு குட்டி வால்கூட அசையவில்லை. மீன்கள் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்து, பொந்துக்குள் முடங்கின.

மறு ஆண்டு கிளிமீன் நிறைந்த வயிற்றோடு விளிம்புக்குப் போனாள்.

"அண்ணாச்சி, ஓடுகிறாள்!" என்று நண்டு கத்தியது.

களவா பாய்ந்து வந்து வழியை மறித்தார். "திருடர்களுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுக்கப் போகிறாயா?"

அந்த வழியாக வந்த ஆமை நின்றது. "வேடிக்கைதான்! போன வாரம் வடபாரிலும் இதையே கேட்டேன். தென்பார்க்காரர்கள் எங்கள் பிள்ளைகளைத் திருடுகிறார்கள் என்று அழுகிறார்கள்."

"பொய்! இங்கே வடபார்க்காரன் ஒருவன்கூட இல்லை!"

"ஒருவர் இருக்கிறார்" என்றாள் கிளிமீன். "அண்ணாச்சி, கொஞ்சம் மேலே பாருங்கள்."

காற்றில்லாத நேரம். கடலின் மேற்பரப்பு அடியிலிருந்து பார்க்கக் கண்ணாடிபோல் இருந்தது. களவா அண்ணாந்தார். ஒரு கிழட்டு முகம் அவரைப் பார்த்தது. அதன் இடது கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி.

அவர் தலையைத் திருப்பினார்; அந்த முகமும் திரும்பியது. "என்னை யாரும் விழுங்கவில்லையே" என்றார் மெல்ல.

"நீங்கள் குஞ்சாக வந்த அன்றைக்கு இங்கே காவல் இல்லை" என்றது ஆமை.

கடல்நீர் வடியத் தொடங்கியது. களவா விலகி வழிவிட்டார். கிளிமீனின் முட்டைகள் ஓட்டத்தோடு போயின. சீலாக்களை அவர் அன்றே காவலிலிருந்து நீக்கினார்.

காற்று திரும்பியது. ஒரு காலையில் பவளக் கிளைகளுக்கிடையே அரிசியளவு குஞ்சுகள் மின்னின. அவற்றில் தன் வழி வந்தவை உண்டா என்று கிளிமீனுக்குத் தெரியாது. இருந்தும் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்தாள். நண்டு கண்ணை நீட்டி, "யார் வீட்டுப் பிள்ளைகளோ!" என்றது.

"நம் வீட்டுக்கு வந்துவிட்டன. போதும்" என்றார் களவா.

சந்தேகத்தால் வாசலை அடைப்பவன், தான் வந்த வழியையும் தன் பிள்ளைகள் பிழைக்கப் போகும் வழியையும் சேர்த்தே அடைக்கிறான்.